ஒரு டிரேடுக்கு எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம்? 5 லட்சத்தை வைத்து ஒரு கணக்கு

வைகைக்கரை

வணக்கம். ஸ்விங் டிரேடுக்குன்னு 5 லட்சம் தனியா ஒதுக்கியிருக்கேன். கேஷ் மார்க்கெட் மட்டும்தான், ரெண்டு மூணு வாரம் வச்சிருக்கிற மாதிரி. "ஒரு டிரேடுக்கு 2 சதவீதம்" என்று எல்லா இடத்திலும் சொல்றாங்க. அப்படின்னா 10,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கணுமா, இல்ல நஷ்டம் 10,000 வரைக்கும் போகலாமா? உதாரணத்துக்கு, பங்கு விலை 840, ஸ்டாப் (விலை இறங்கினா வித்து வெளியேற வச்சிருக்கிற விலை) 812. எத்தனை பங்கு வாங்கறது சரி?

கணக்குப்பிள்ளை

நஷ்டம் 10,000 வரை போகலாம் என்பதுதான் அதன் பொருள். போடும் பணம் வேறு, பணயம் வைக்கும் பணம் வேறு. 840க்கு வாங்கி 812ல் வெளியேறினால் பங்குக்கு 28 ரூபாய் போகும். 10,000ஐ 28ஆல் வகுத்தால் 357 பங்கு. அதன் மதிப்பு 2,99,880. 5 லட்சத்தில் 60 சதவீதம் ஒரே பங்கில் போய் உட்கார்ந்துவிடும். இந்த இடத்திலேயே 2 சதவீதம் உங்களுக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிடுகிறது. 1 சதவீதம் என்று வைத்தால் 5,000 வகுத்தல் 28, அதாவது 178 பங்கு, 1,49,520 ரூபாய்.

இதுவும் முழுக் கணக்கு இல்லை. டெலிவரியில் (அதாவது பங்கை அன்றே விற்காமல் வைத்திருந்தால்) எஸ்.டி.டி. என்ற பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. வாங்கும் பக்கம் ஸ்டாம்ப் டியூட்டி 0.015%. அதோடு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், விற்கும் அன்று டிபி (டீமேட் கணக்கு) கட்டணம். புரோக்கரேஜ் இல்லாத கணக்கிலேயே மேலே சொன்ன டிரேடுக்குச் சுமார் 340 ரூபாய், பங்குக்கு ஏறத்தாழ 2 ரூபாய் ஆகிவிடும். ஸ்டாப் அடிக்கும்போது 812ல்தான் விற்கும் என்று நிச்சயம் கிடையாது, அதற்கு ஒரு ரூபாய் சேருங்கள். 28 என்பது 31 ஆகிறது. 5,000 வகுத்தல் 31, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் 161 பங்கு. எப்போதும் கீழ்நோக்கியே முழு எண்ணாக்குங்கள்.

ரெட்டைச்சுழி

ஒரு சதவீதம் ரொம்ப பயந்த கணக்கு சார். 5 லட்சத்துல 5,000 ரிஸ்க் எடுத்து, ஜெயிச்சா 10,000 வரும். இதுல எப்போ பணம் பெருகும்? சிஸ்டம் நல்லா இருந்தா கெல்லி ஃபார்முலா (மொத்தப் பணத்துல எத்தனை சதவீதம் பணயம் வைக்கலாம்னு சொல்ற கணக்கு) போட்டுப் பாருங்க. 40% வெற்றி, ஜெயிக்கும்போது இழப்பைப் போல ரெண்டு மடங்கு வருதுன்னா, வெற்றி 0.40 கழித்தல் தோல்வி 0.60/2. பத்து சதவீதம் வருது. கணக்கே பத்துங்குது, நாம ஏன் ஒண்ணுல நிக்கணும்?

கணக்குப்பிள்ளை

கெல்லி 1956ல் பெல் லேப்ஸில் இருந்தபோது எழுதிய சூத்திரத்தில் தவறில்லை. வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பகடையில் அது தெரியும். பங்குச் சந்தையில் உங்கள் 40% எங்கிருந்து வந்தது? 60 டிரேடு போட்டு 24 ஜெயித்திருந்தால் 40% என்கிறீர்கள். 60 டிரேடு மாதிரியில் புள்ளியியல் பிழையே 6 சதவீதப் புள்ளிக்கு மேல். இரண்டு மடங்கு பிழைக்கு இடம்விட்டால் உண்மையான வெற்றி விகிதம் 28 முதல் 52 வரை எங்கும் இருக்கலாம்.

இப்போது அதே சூத்திரத்தில் போடுங்கள். 52 என்றால் 28 சதவீதம் பணயம் வை என்கிறது. 35 என்றால் 2.5 சதவீதம். 33 என்றால் விடை பூஜ்யத்துக்குக் கீழே, டிரேடே போடாதே என்று பொருள். வெற்றி விகிதம் 40லிருந்து 33க்கு வருவதற்கு 60 டிரேடில் நான்கு ஐந்து டிரேடு மாறினால் போதும். அந்த நான்கைந்து டிரேடை நம்பி 10% வைப்பது கெல்லி சொன்னதல்ல.

சரியான எண் தெரிந்து முழுக் கெல்லி வைத்தாலும், முதல் எப்போதாவது பாதியாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. பாதிக் கெல்லி வைத்தால் அது எட்டில் ஒன்றாகக் குறைகிறது, வளர்ச்சி வேகத்தில் முக்கால் பங்கு கையில் நிற்கிறது. கால் கெல்லியில் நூற்றில் ஒன்றுக்கும் கீழ். அந்தச் சூத்திரத்தை "இதற்கு மேல் ஒருபோதும் போகாதே" என்ற மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட அளவை அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

நெல்லிக்காய்மூட்டை

சதவீதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பார்ப்பதே தலைகீழ் என்று நினைக்கிறேன். தொடர் நஷ்டம் எவ்வளவு நீளம் வரும் என்பதிலிருந்து தொடங்கினால் சதவீதம் தானாக வரும்.

40% வெற்றி உள்ள முறையில் 100 டிரேடு போட்டால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 6 நஷ்டம் வர 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. தொடர்ந்து 8 வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி. தொடர்ந்து 10 வர ஐந்தில் ஒன்று. இது முறை கெட்டுப்போனதற்கு அடையாளமே இல்லை, 40% என்றால் இப்படித்தான் வரும். இது தெரியாமல்தான் பலர் ஏழாவது நஷ்டத்தில் முறையை மாற்றிவிடுகிறார்கள், அல்லது விட்டதைப் பிடிக்க எட்டாவதில் இரட்டிப்பாக வைக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் மீதி முதலில்தான் சதவீதம் போடுகிறோம் என்று வைத்து, 10 தொடர் நஷ்டத்துக்குப் பிறகு: 1% என்றால் முதல் 9.6% குறையும். 2% என்றால் 18.3%. 5% என்றால் 40%. 10% என்றால் 65%. திரும்பி வர என்ன வேண்டும் என்பது இன்னும் முக்கியம். 10% குறைந்ததை மீட்க 11% லாபம் போதும். 40% குறைந்தால் 67% வேண்டும். 65% குறைந்தால் மீதியை ஏறக்குறைய மூன்று மடங்காக்கினால்தான் பழைய இடம்.

நான் கணக்கிடும் விதம்: 12 தொடர் நஷ்டம் என்று வைத்து, வரும் சரிவை இரட்டிப்பாக்குவேன். ஏன் இரட்டிப்பு என்றால், பெரிய சரிவு நேர்கோடாக வராது. நாலு நஷ்டம், ஒரு சின்ன லாபம், ஐந்து நஷ்டம் என்று இழுத்துக்கொண்டே போகும். 1% வைத்தால் 12 நஷ்டத்தில் 11.4%, இரட்டித்தால் 23%. 0.75% வைத்தால் 8.6%, இரட்டித்தால் 17%. வைகைக்கரை, உங்கள் 5 லட்சம் எந்த எண்ணுக்கு வந்தால் ராத்திரி தூக்கம் போகும்? அதைச் சொல்லுங்கள், சதவீதத்தைச் சொல்கிறேன்.

வைகைக்கரை

4 லட்சத்துக்குக் கீழ போனா தாங்காது.

நெல்லிக்காய்மூட்டை

அது 20% சரிவு. அப்படியானால் 1% கூட உங்களுக்கு அதிகம். 0.75% வையுங்கள். டிரேடுக்கு 3,750 ரூபாய். 31ஆல் வகுத்தால் 120 பங்கு.

மஞ்சள்மண்டி

எல்லாரும் ஸ்டாப் அடிக்கும், அந்த விலையில் விற்கும் என்று வைத்தே கணக்குப் போடுகிறீர்கள். ஸ்டாப்புக்குக் கீழே சந்தை திறந்தால்?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் ஒரே நாளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. முந்தைய நாள் விலைக்கு 3% கீழே ஸ்டாப் வைத்திருந்தவருக்கும் அது உதவவில்லை. மொத்த முதலில் 60% அந்தப் பங்கில் இருந்தவருக்கு "2% ரிஸ்க்" என்று எழுதி வைத்தது 45%க்கு மேல் ஆனது. 20% மட்டும் வைத்திருந்தவருக்கு 15%க்குச் சற்று மேல். இரண்டாமவர் மறுநாளும் டிரேடு போட முடியும்.

கமாடிட்டியில் இதைவிடக் கொடுமை. 2020 ஏப்ரல் 20 அன்று ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். கமாடிட்டி சந்தை மாலை 5 மணிக்கே முடிந்தது. ராத்திரி நியூயார்க்கில் கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே பேரலுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே முடிந்திருந்த காண்ட்ராக்டை மைனஸ் 2,884 ரூபாய்க்கு செட்டில் செய்தார்கள். ஒரு லாட் 100 பேரல். வாங்கி வைத்திருந்தவர் "விலை பூஜ்யமே ஆனாலும் லாட்டுக்கு ஒரு லட்சம்தான் போகும்" என்று நினைத்திருப்பார். போனது மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல்.

அதனால் ஸ்டாப் கணக்கோடு இன்னொரு எல்லை கட்டாயம் வேண்டும்: ஒரே பங்கில் மொத்த முதலில் இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை. பெரிய கம்பெனிக்கு 20%, நடுத்தரத்துக்கு 10 முதல் 12, சின்ன கம்பெனிக்கு 5. 5 லட்சத்தில் 20% என்றால் 1 லட்சம். 840ஆல் வகுத்தால் 119 பங்கு.

வைகைக்கரை

நெல்லிக்காய்மூட்டை 120 சொன்னார், நீங்க 119. ரெண்டும் ஒண்ணுதானே? அப்போ எல்லை எதுக்குத் தனியா?

மஞ்சள்மண்டி

இந்த ஒரு பங்கில் பொருந்திவிட்டது, அவ்வளவுதான். 0.75ஐ 20ஆல் வகுத்தால் 3.75%. செலவு சேர்த்த ஸ்டாப் தூரம் விலையில் 3.75%க்கு மேல் இருந்தால் ரிஸ்க் கணக்குதான் பங்கு எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். அதற்குக் கீழே இருந்தால் 20% எல்லை தீர்மானிக்கும். உங்கள் 31 ரூபாய் 840ல் 3.69%, எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. அதே பங்குக்கு ஸ்டாப் 828 என்று வைத்துப் பாருங்கள். செலவோடு 15 ரூபாய். ரிஸ்க் கணக்கு 250 பங்கு வாங்கச் சொல்லும், அது 2,10,000. எல்லை 119லேயே நிறுத்தும். ஸ்டாப்பை நெருக்கமாக வைத்துப் பங்கு எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளும் பழக்கத்துக்கு அதுதான் கடிவாளம்.

தேயிலைத்தோட்டம்

இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்பதில்) கேப் பயம், அதாவது முந்தைய நாள் விலையிலிருந்து தாவித் திறக்கும் பயம் இல்லையே, அங்கே நெருக்கமான ஸ்டாப் வைக்கலாம்தானே? 500 ரூபாய் பங்கு, ஒரு ரூபாய் ஸ்டாப், 5,000 ரிஸ்க்குக்கு 5,000 பங்கு. புரோக்கர் தரும் 5 மடங்கு மார்ஜினில் 5 லட்சம் போதும்.

கணக்குப்பிள்ளை

செலவைப் போட்டுப் பாருங்கள் தம்பி. வாங்குவது 25 லட்சம், விற்பது 25 லட்சம். விற்பனை பக்கம் எஸ்.டி.டி. 0.025%, அது மட்டும் 625. ஸ்டாம்ப் டியூட்டி 75. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 150ஐ ஒட்டி. புரோக்கரேஜ் ஆர்டருக்கு 20 வீதம் 40. ஜி.எஸ்.டி. மற்றதெல்லாம் சேர்த்து மொத்தம் 900க்கு மேல். 5,000 பங்கை ஒரே விலையில் விற்கவும் முடியாது. நுழையும்போது 10 காசு, வெளியேறும்போது 10 காசு வழுக்கினால் 1,000. ஆக 5,000 என்று நினைத்த ரிஸ்க் 6,900. ஜெயித்தாலும் அதே 1,900 லாபத்தில் கழியும். ஒரு ரூபாய் ஸ்டாப்புக்கு ஒன்றரை ரூபாய் இலக்கு வைத்தால் 7,500ல் கையில் நிற்பது 5,600. தோற்றால் 6,900, ஜெயித்தால் 5,600. பாதிக்கு மேல் ஜெயித்தாலும் அந்த முறை நஷ்டத்தில்தான் ஓடும்.

ஸ்டாப்பை இடம் பார்த்து வையுங்கள். கடைசி 14 அல்லது 20 நாளின் ஏ.டி.ஆர். (ஒரு நாளின் சராசரி விலை ஆட்டம்) என்ன என்று பாருங்கள். பங்கு தினமும் சராசரியாக 18 ரூபாய் ஆடுகிறது என்றால் 12 ரூபாய் ஸ்டாப் காரணமே இல்லாமல் அடிபடும். ஸ்டாப் முதலில், அதற்கேற்ற எண்ணிக்கை பிறகு. எண்ணிக்கை பிடித்திருக்கிறது என்பதற்காக ஸ்டாப்பை நகர்த்தக் கூடாது.

ஆப்ஷன்வேலன்

தேயிலைத்தோட்டம், ஆப்ஷன் பக்கமும் எட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே லாட் என்பது உடைக்க முடியாத செங்கல். நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 25லிருந்து 75 ஆனது, 2026 ஜனவரி காண்ட்ராக்டிலிருந்து 65. ஃபியூச்சரில் 80 பாயின்ட் ஸ்டாப் என்றாலே 5,200 ரூபாய். 0.75% கணக்கில் அதற்கு 7 லட்சம் முதல் வேண்டும். கையில் 2 லட்சம் இருந்தால் விடை "அரை லாட்" கிடையாது, பூஜ்யம்தான். அந்த டிரேடு உங்களுக்கு இல்லை.

ஆப்ஷன் வாங்கினால்: 120 ரூபாய் ப்ரீமியம் (ஆப்ஷனின் விலை), 65ஆல் பெருக்கினால் 7,800. 80ல் ஸ்டாப் என்றால் 2,600, 2 லட்சத்தில் 1.3%. ஆனால் ராத்திரி வைத்திருந்தால் முழு 7,800ஐயும் ரிஸ்க்காகவே எழுதுங்கள், அது 3.9%. ஆப்ஷனில் எஸ்.எல்.-மார்க்கெட் ஆர்டரை (ஸ்டாப் தொட்டதும் கிடைத்த விலைக்கு விற்பது) என்.எஸ்.இ. 2021 செப்டம்பரிலேயே எடுத்துவிட்டது. ட்ரிகர் (ஆர்டர் விழிக்கும் விலை) 80, லிமிட் (அதற்குக் கீழே விற்காத விலை) 79.50 என்று வைத்தால், விலை 80லிருந்து 74க்குத் தாவும்போது ஆர்டர் தொங்கிக்கொண்டு நிற்கும். ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவே 5, 6 ரூபாயாவது விடுங்கள். விற்கும் லிமிட்டைக் கீழே வைத்தாலும் அந்த நேரத்தில் இருக்கும் நல்ல விலையில்தான் முதலில் விற்கும்.

விற்பவர்களுக்கு: வெறும் புட் (சந்தை விழுந்தால் விற்றவருக்கு நஷ்டம் தரும் ஆப்ஷன்) விற்றுவிட்டு ஸ்டாப்பை நம்பாதீர்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்து முடிந்தது. அந்த மாதிரி நாளில் ஸ்டாப் வேலை செய்தாலும் நீங்கள் எழுதி வைத்த விலைக்கும் நடந்த விலைக்கும் தூரம் அதிகம். இன்னும் கீழே ஒரு புட்டை வாங்கி ஸ்ப்ரெட் ஆக்கினால் அதிகபட்ச நஷ்டம் முன்கூட்டியே தெரியும். இரண்டு புட்டுக்கும் நடுவே 100 பாயின்ட் அகலம், கையில் வந்த நிகர ப்ரீமியம் (கிரெடிட்) 35. மீதி 65 பாயின்ட், லாட் அளவு 65ஆல் பெருக்கினால் 4,225 ரூபாய். 2 லட்சத்தில் 2.1%. அதுவே அதிகம், ஆனால் எங்கே நிற்கும் என்று தெரிந்த அதிகம்.

2024 செப்டம்பரில் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓவில் (ஃபியூச்சர், ஆப்ஷனில்) இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். 2 லட்சம் முதலுக்கு ஒரு லாட்டே பெரிய சுமை என்பது அந்த 93%க்குள் கட்டாயம் இருக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ரெட்டைச்சுழி

கெல்லி விஷயம் ஒத்துக்கறேன். 60 டிரேடு பத்தாது. ஆனா கணக்குப்பிள்ளை சார், 0.75%னு வச்சு ஒரே நேரத்துல பத்து டிரேடு திறந்து வச்சா 7.5% ஆகுதே? அதுக்கு என்ன வழி?

கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். திறந்திருக்கும் எல்லா டிரேடின் ஸ்டாப் வரையிலான நஷ்டத்தையும் கூட்டி ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். அது 4 சதவீதத்தைத் தாண்டினால் புது டிரேடு கிடையாது. 20% எல்லையில் கேஷ் மார்க்கெட்டில் ஐந்து பங்குக்கு மேல் வாங்கப் பணமும் இருக்காது. ஆக 0.75% வீதம் ஐந்துக்கு 3.75%, எல்லைக்குள் வந்துவிடும்.

ஆனால் ஐந்தும் ஐந்தாக இருக்க வேண்டும். எச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்சிஸ் மூன்றும் வாங்கினால் ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு விட்டால் மூன்றும் சேர்ந்தே விழும். அது மூன்று டிரேடு இல்லை, 2.25% வைத்த ஒரே டிரேடு. 1983ல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் பயிற்சி கொடுத்த டர்டில் குழுவின் விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தையில் 4 யூனிட் (யூனிட் என்பது அவர்கள் ஒரு முறை வாங்கும் அளவு), நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில் 6, தளர்வான தொடர்பில் 10, ஒரே திசையில் மொத்தம் 12. நம் அளவுக்கு, ஒரு துறையில் இரண்டு டிரேடு போதும்.

அவர்களுடைய இன்னொரு விதியும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு 10% சரிந்தால், அளவு கணக்கிடும்போது முதல் 20% சரிந்ததாக வைத்துப் போட வேண்டும். உங்கள் 5 லட்சம் 4.5 லட்சமானால், 4 லட்சம் என்று வைத்து 0.75%, அதாவது 3,000. 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்றீர்களே, அந்தக் கோட்டை நெருங்க நெருங்க அடி சிறிதாகும்.

வைகைக்கரை

முதல்னா எந்த எண்? கையில இருக்கிற கேஷா, ஓடிட்டு இருக்கிற டிரேடு லாபமும் சேர்த்தா?

நெல்லிக்காய்மூட்டை

கையில் உள்ள கேஷ், கூடவே ஒவ்வொரு டிரேடும் இப்போதைய ஸ்டாப்பில் விற்றால் கிடைக்கும் தொகை. திரையில் பச்சையாகத் தெரியும் லாபத்தைச் சேர்க்க வேண்டாம். ஸ்டாப்பை மேலே ஏற்றியபின் பூட்டிய லாபம் மட்டும் தானாகச் சேரும். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை, அந்த எண்ணைப் புதுப்பித்தால் போதும். இதே பணத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தால் அன்றே குறைத்து எழுதுங்கள்.

ஆவரேஜ் செய்வது (விலை இறங்க இறங்க மேலும் வாங்குவது) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அளவுக் கணக்கு உடையும் முதல் இடம் அதுதான். 119 பங்கு 840ல் வாங்கி, 822 வந்ததும் இன்னொரு 119 வாங்கி, "கொஞ்சம் இடம் விடுவோம்" என்று ஸ்டாப்பை 790க்கு இறக்கினால்: முதல் பாதியில் பங்குக்கு 50, இரண்டாவதில் 32, மொத்தம் 9,758. 0.75% என்று தொடங்கியது 2%க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, ஒரே பங்கில் 40% பணம். இரண்டு தவணையாக வாங்குவது தவறில்லை. ஆனால் 60 முதலில், 59 பிறகு, ஸ்டாப் 812 அசையாது என்று வாங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

மஞ்சள்மண்டி

சின்ன கம்பெனி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 5% சர்க்யூட் (ஒரு நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாத எல்லை) உள்ள பங்கில் கீழ் சர்க்யூட்டில் பூட்டினால் வாங்க ஆளே இருக்காது. மூன்று நாள் பூட்டினால் 14%, ஐந்து நாளில் 22%க்கு மேல். ஸ்டாப் ஆர்டர் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். ஒரு நாள் சராசரி வியாபாரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் வாங்காதீர்கள், ரிஸ்க் கணக்கு என்ன சொன்னாலும் சரி.

வைகைக்கரை

சரி, எக்செல்ல போட்டுட்டேன். விலை, ஸ்டாப், பங்குக்கு 3 ரூபாய் செலவு. ரிஸ்க் கணக்கு ஒரு எண், 20% எல்லை ஒரு எண், தின வியாபாரத்துல 1% ஒரு எண். மூணுல சின்னது எதுவோ அது. இந்தப் பங்குக்கு 119. ஜி.டி.டி. (விலை வர்ற வரைக்கும் காத்திருக்கிற ஆர்டர்) ஸ்டாப் 812 ட்ரிகர், லிமிட் 790. சரியா?

கணக்குப்பிள்ளை

ஒரு திருத்தம். 3 ரூபாய் என்று நிலையாக வைக்காதீர்கள். 200 ரூபாய் பங்குக்கு அது அதிகம், 3,000 ரூபாய் பங்குக்குப் போதாது. விலையில் 0.35% என்று வையுங்கள். லிமிட் 790 சரி. அதற்கும் கீழே திறந்தால் ஆர்டர் நிற்கும், அன்று காலை 9.15க்குக் கையால் விற்க வேண்டும்.

ஆப்ஷன்வேலன்

காலாண்டு முடிவு தேதி பார்த்தீர்களா? போர்டு மீட்டிங் தேதி என்.எஸ்.இ. தளத்தில் கம்பெனி பெயருக்குக் கீழே இருக்கும். உங்கள் இரண்டு மூன்று வாரத்துக்குள் அது வந்தால், முந்தைய நாள் 119ல் பாதியை விற்றுவிடுங்கள், 60 மட்டும் வையுங்கள். 10% கேப் வந்தால் 60 பங்கில் 5,040, உங்கள் முதலில் ஒரு சதவீதம்.

வைகைக்கரை

பார்த்தேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை. அப்போ முதல்லயே 60 மட்டும் வாங்கறேன், முடிவு வந்த பிறகு மீதியைப் பார்க்கறேன்.